மறதிக்கு வயதைக் குற்றம் சொல்லாதீர்!

"வயதாகிவிட்டது, புத்தி மழுங்கிவிட்டது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?"

நம் சங்கத்தில் 22 ஆண்டுகள் பொருளாளராக இருந்த ஒரு தோழரைப் பற்றி, அவர் உழைத்துத் தேய்ந்த பஞ்சாலையின் அதிகாரி ஒருவர் நம்மிடம் சொன்ன பதில் இது. உதவி கேட்டுப் போன நமக்கு நாற்காலி கொடுத்தார், காப்பி கொடுத்தார், கடைசியில் இந்தத் தத்துவத்தையும் கொடுத்து அனுப்பினார்.

அந்தத் தோழரை அறியாதவர் நம் பகுதியில் இல்லை. ரிங் ஃப்ரேமில் நூல் ஓட்டியவர். சந்தாப் புத்தகத்தைத் திறக்காமலே, எந்தத் தொழிலாளி எத்தனை மாதம் பாக்கி என்று விரல் விட்டுச் சொல்லுவார். போனஸ் பேச்சுவார்த்தையில் நிர்வாகம் ஒரு கணக்கை மாற்றிச் சொன்னால், போன வருஷம் இன்ன தேதியில் இதே மேஜையில் என்ன சொன்னீர்கள் என்று எடுத்துக் காட்டி வாயடைக்க வைப்பார். இன்று அவர் சங்க ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "சங்க ஆபீஸ் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்கிறார். பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவரைக் காவல் காத்துவரும் மகளைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்கிறார்.

"அவர் கோபப்பட்டு அடிச்சாலும் தாங்கிக்குவேனுங்கண்ணா. என்னைத் தெரியாத மாதிரி பாக்கறப்பதான் தாங்க முடியலீங்க" என்று அந்தப் பெண் சொன்னபோது, நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

அவளுக்குச் சொல்ல முடியாத பதிலை, அந்த அதிகாரிக்கும் அவரைப் போலப் பேசுகிற அத்தனை பேருக்கும் இங்கே சொல்லுகிறோம்.

44-ம் வயதில் நடந்தது

நம் தோழருக்கு 44-ம் வயதில் ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. மேல் எண் 170, கீழ் எண் 100. தினம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். மாத்திரை வாங்க மருந்தகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போகும். அரை நாள் கூலியை இழந்து நின்றால், "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா" என்பார்கள். அடுத்த வாரம் இரவு ஷிப்டு. தலை வலிக்கவில்லை, மயக்கம் இல்லை, வேலை நடக்கிறது. மாத்திரை நின்றது. 58-ம் வயதில் இடது கையும் காலும் விழுந்தன. எழுந்து நடந்தார். இரண்டு வருஷத்தில் இன்னொரு பக்கவாதம். அதன் பிறகு படிப்படியாக நினைவு போயிற்று.

அக்கம்பக்கத்தார் சிலர் சித்தம் கலங்கிவிட்டது என்றார்கள். செய்வினை என்றார்கள் வேறு சிலர். படித்த அதிகாரி வயது என்றார். மூன்றும் ஒன்றுதான். குற்றவாளியின் பெயரைச் சொல்லாமல் தப்ப வைக்கும் மூன்று வழிகள்!

வாய்க்காலும் கடைமடையும்

விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது?

60 கிலோ எடையுள்ள தொழிலாளியின் மூளை ஏறக்குறைய 1 கிலோ 300 கிராம்தான் இருக்கும். உடல் எடையில் 100-க்கு இரண்டு பங்கு. ஆனால் இதயம் இறைக்கிற ரத்தத்தில் 100-க்கு 15 முதல் 20 பங்கு வரை அதற்குப் போகிறது. அது உறங்காத உறுப்பு; நாம் உறங்கும்போதும் அதற்குத் தீனி வேண்டும்.

விவசாயத் தொழிலாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மதகு, வாய்க்கால், மடை, கடைமடை எல்லாம் அவர்கள் அறிந்தவை. மதகில் தண்ணீர் அளவு மீறிப் பாய்ந்தால் கரை அரிக்கும். வாய்க்காலில் மண் மேடிட்டால் கடைமடை காயும். இதயம்தான் மதகு, ரத்தக் குழாய்கள்தான் வாய்க்கால்கள், மூளையின் ஆழத்தில் முடியிழை போல் ஓடும் நுண்ணிய குழாய்கள்தான் கடைமடை. ரத்தக் கொதிப்பு ஆண்டுக்கணக்கில் மோத மோத, அந்தக் குழாய்களின் சுவர் தடித்து, உட்புறம் குறுகுகிறது. சில அடைபடுகின்றன, சில கசிகின்றன. ஒவ்வொரு அடைப்பிலும் மூளையில் கடுகளவு இடம் பட்டுப்போகிறது. கை விழுவதில்லை, வாய் கோணுவதில்லை, ஆளுக்கே தெரிவதில்லை. பல வருஷம் கழித்துக் கணக்கு தவறுகிறது, வழி தவறுகிறது, பெற்ற மகளின் முகம் தவறுகிறது.

சர்க்கரை வியாதி, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, பீடி, சிகரெட், அளவு மீறிய குடி ஆகிய எல்லாம் இதே வாய்க்கால்களைத்தான் கெடுக்கின்றன. சீராகத் துடிக்காத இதயத்தில் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் அடைப்பதும் உண்டு. பக்கவாதம் புதிதாக வந்தவருக்கு மறதி நோய் தொற்றிக்கொள்ளும் அபாயம் மற்றவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எல்லா மறதி நோய்க்கும் இதுவே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வயதுக்குப் பங்கு உண்டு, பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அந்த 14-ஐயும் ஒழித்தால், மறதி நோயில் 100-க்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும் என்று சொன்னது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகை, உடல் பருமன், உடல் அசைவின்மை, குடி ஆகிய ஏழும் இதயத்தின் எதிரிகள். படிப்பின்மையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காது மந்தமும் இருக்கிறது. தறிச் சத்தத்தில் செவிடாகிப் போனவர்களே, கேளுங்கள்!

"கொதிப்பு இயற்கை" என்றவர்கள்

வயதைக் குற்றம் சொல்லுவது புதிய பழக்கம் அல்ல. வயது ஏறினால் ரத்தக் கொதிப்பும் ஏறத்தான் செய்யும், குறுகிய குழாயில் ரத்தத்தைத் தள்ள அது தேவைகூட என்று பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ரத்தக் கொதிப்பு வருஷத்துக்கு வருஷம் ஏறியது. உலகத்திலேயே பணக்கார நாட்டின் தலைவரை 1945 ஏப்ரல் 12-ல் மூளை ரத்தக் கசிவு கொண்டுபோயிற்று.

1948-ல் அந்த நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 ஆண் பெண்களைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் அவர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். பிறகு அவர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். கொதிப்பு இயற்கை அல்ல, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது வாசல் என்று நிலைநாட்டியது அந்த ஊர்.

அதே ஊர் இன்னொரு உண்மையையும் சொன்னது. 1970-களின் கடைசியிலிருந்து நாலு கட்டமாக எடுத்த கணக்கு 2016-ல் வெளிவந்தது. புதிதாக மறதி நோய் பிடிப்பது, சராசரியாகப் பத்து ஆண்டுக்கு 100-க்கு 20 வீதம் குறைந்து வந்திருக்கிறது. வயதுதான் காரணம் என்றால் இது எப்படிக் குறைந்தது? 1980-ல் 75 வயது என்றாலும் 2010-ல் 75 வயது என்றாலும் வயது ஒன்றுதானே!

ஆனால் யாருக்குக் குறைந்தது? பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும்தான். முடிக்காதவர்களுக்குக் குறையவில்லை! குறைந்ததற்கான காரணம் முழுவதும் தங்களுக்குப் பிடிபட்டுவிட்டதாக ஆராய்ந்தவர்கள் சொல்லவில்லை. ஆனால் நமக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நோய் குறைகிற காலத்திலும் அந்த நன்மை படித்தவன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்து 2023-ல் வெளியான கணக்கைப் பாருங்கள். 100-க்கு 7 பேருக்கு மேல், மொத்தம் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய். ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்துக்கு அதிகம். இதைப் பணக்கார வியாதி என்பவன் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறான்.

ஒரே சர்க்கார், மூன்று மடங்கு சாவு

மாரடைப்பு முதலாளிகளுக்கு வரும், பெரிய உத்தியோகஸ்தர்களுக்கு வரும், "பொறுப்பின் பாரம்" அவர்களைக் கொல்லுகிறது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையின் முகத்திரையை லண்டன் நகரமே கிழித்தது.

1967-ல் அங்கே வைட்ஹால் சர்க்கார் ஆபீஸ்களில் வேலை செய்த சுமார் 18,000 ஆண்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் ஒரே சர்க்காரின் ஊழியர்கள். பட்டினி கிடப்பவர் யாரும் இல்லை. ஆனால் மேல்தட்டு நிர்வாகியைவிடக் கடைநிலைச் சேவகனும் வாயில்காப்பவனும் இதய நோயால் மூன்று மடங்குக்கும் மேல் செத்தார்கள்! புகைபிடித்தல், கொதிப்பு, கொழுப்பு என்று எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுவதும் மறையவில்லை. தன் வேலையின் மேல் தனக்கு அதிகாரம் இல்லாதவன், அடுத்தவன் உத்தரவுக்கு ஓடுகிறவன் சீக்கிரம் சாகிறான்.

1985-ல் அதே இடத்தில் ஆண் பெண் இருபாலாருமாக 10,308 பேரை வைத்து இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கியது. 50 வயதில் மேல் எண் 130-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அபாயம் 100-க்கு 38 பங்கு அதிகம் என்று 2018-ல் வெளியிட்டார்கள். 60 வயதிலோ 70 வயதிலோ அளந்த கொதிப்பில் இந்தத் தொடர்பு தென்படவில்லை. இதன் பொருள் என்ன? 70 வயதில் தெரிகிற மறதிக்கு விதை விழுவது நடுத்தர வயதில். அதாவது ஆலையில் நம்மைப் பிழிந்தெடுக்கும் வயதில்! ஓய்வு பெற்றவருக்கும் ஆலைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லும் அதிகாரியே, 44 வயதில் அந்த மனிதர் யார் கூரையின் கீழ் இருந்தார்?

"நட, பாதாம் தின்னு" என்ற உபதேசம்

முதலாளிப் பத்திரிகைகளின் ஞாயிறு மலர்களில் இப்போது ஓர் உபதேசம் நடக்கிறது. மூளை மங்காமலிருக்கக் காலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டுமாம். பாதாமும் வால்நட்டும் தின்ன வேண்டுமாம். எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்க வேண்டுமாம். மனக்கவலை கூடாதாம்!

நடப்பதும் நல்ல உணவும் தூக்கமும் நல்லவைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் இதை யாருக்குச் சொல்லுகிறார்கள்? இரவு ஷிப்டு முடிந்து தகரக் கூரையின் கீழ் பகலில் படுப்பவனுக்கா? விடியுமுன் சோறாக்கி வைத்து, நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டு, மாலையில் விறகுப் புகையில் மறுபடி அடுப்பூதுகிறவளுக்கா?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021-ல் சொன்னதை அந்த மலர்களில் கொட்டை எழுத்தில் போடுவார்களா? வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 100-க்கு 35 பங்கு அதிகம். இதய நோயால் சாகும் அபாயம் 17 பங்கு அதிகம். 2016-ம் ஒரே ஆண்டில் நீண்ட வேலை நேரத்தால் செத்தவர்கள் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர்! மாறுதலாக வரும் ஷிப்டு வேலையும் மாரடைப்பைக் கூட்டுகிறது என்று 2012-ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் காட்டினார்கள். எட்டு மணி நேர வேலை என்பது கூலிக் கோரிக்கை மட்டும் அல்ல. அது மூளையைக் காப்பாற்றும் கோரிக்கை.

20 லட்ச ரூபாய் ஊசி

இன்னொரு கூட்டம் ஞாபகசக்தி லேகியமும் டானிக்கும் விற்கிறது. அவர்களைப் பற்றிப் பேசிக் காகிதத்தை வீணாக்க வேண்டாம். பெரிய கம்பெனிகளைப் பார்ப்போம். 2023-ல் லெகானெமாப் என்ற ஊசி மருந்தை அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆண்டுக்கு 26,500 டாலர் என்று விலை வைத்தார்கள். நம் கணக்கில் 20 லட்ச ரூபாய்க்கும் மேல்! அது நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆரம்ப நிலையில் உள்ளவருக்கு 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 100-க்கு 27 பங்கு மட்டுப்படுத்தியது. சிலருக்கு மூளையில் வீக்கத்தையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கியது.

விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் பைசாக் கணக்கில் கிடைக்கும் கொதிப்பு மாத்திரை ஏன் தொழிலாளியின் கைக்கு வரவில்லை? இதில் லாபம் இல்லை. அதனால் விளம்பரமும் இல்லை, அவசரமும் இல்லை.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்குப்படி, வயது வந்தோரில் 100-க்கு 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு. அந்த நோயாளிகளில் கொதிப்பு கட்டுக்குள் இருந்தவர் 100-க்கு 7 பேர்தான். மற்ற 93 பேரின் கடைமடை தினம் தினம் காய்ந்துகொண்டிருந்தது!

326 கிராமங்கள் காட்டிய வழி

ஏழை நாட்டில் கிராமத்துக்கு வைத்தியம் கொண்டுபோவது சாத்தியமா என்று கேட்பவர்களுக்குச் சீனாவின் கிராமங்கள் பதில் சொல்லியிருக்கின்றன. அங்கே 2018-ல் 326 கிராமங்களில், 40 வயதைக் கடந்த, கொதிப்பு அடங்காத 33,995 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான வைத்தியம். மறுபாதியில் கிராம வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாத்திரையைத் தொடங்கவும் அளவைக் கூட்டவும் அதிகாரம் கொடுத்தார்கள். இவர்கள் 1960-களில் 'வெறுங்கால் டாக்டர்கள்' என்று பெயர் பெற்றவர்களின் மரபில் வந்தவர்கள். பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் அல்ல. மாத்திரை இலவசம் அல்லது மலிவு. வீட்டில் அளக்கக் கருவி. எண்ணை 130-க்கும் 80-க்கும் கீழே கொண்டுவருவது குறிக்கோள்.

நாலு ஆண்டு கழித்து மாரடைப்பும் பக்கவாதமும் மட்டும் குறையவில்லை. மறதி நோயும் 100-க்கு 15 பங்கு குறைந்திருந்தது. 2025-ல் உலகம் இதைப் படித்தது. நாலே ஆண்டில் இவ்வளவு என்றால், 40 வயதில் தொடங்கி 30 ஆண்டு செய்தால் எவ்வளவு மிச்சமாகும்!

நம் நாட்டில் கையும் காலும் இல்லையா? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வந்தன. நல்ல காரியம், வரவேற்றோம். ஆனால் அந்த மூட்டையைத் தெருத் தெருவாகச் சுமந்த பெண்களுக்குச் சம்பளம் என்ற பெயரில் கொடுக்கவில்லை, ஊக்கத்தொகை என்றுதான் கொடுத்தார்கள். வேலையைச் சேவை என்று பெயர் மாற்றிக் கூலியைக் குறைக்கும் பழைய தந்திரம்! சுமப்பவளின் வயிறு காய்ந்தால் திட்டம் எத்தனை நாள் நடக்கும்?

நம் பக்கத்துக் குறை

எதிரியைச் சாடினால் மட்டும் போதாது. நம் வீட்டையும் பார்க்க வேண்டும்.

தலை வலிக்கவில்லை என்று மாத்திரையை நிறுத்தினாரே நம் தோழர், அவரைப் போல நம்மில் எத்தனை பேர்! கொதிப்பு வலிக்காது, வலிக்காமலே அரிப்பதுதான் அதன் குணம். மாத்திரை தின்றதும் எண் இறங்கினால், அது மாத்திரையின் வேலை; நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பீடிக் கட்டையும் சாராயத்தையும் அலுப்புக்கு மருந்து என்கிறோம். அவை அலுப்பை விற்றவனுக்கே லாபம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சோறு, ஊறுகாய், கருவாடு என்று நாம் அதைத் தாண்டி வெகுதூரம் போகிறோம். வெயிலில் வேர்ப்பவனுக்கு உப்பு வேண்டாமா என்று தோழர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் கொதிப்பு உள்ளவர் அதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும், ஊறுகாய்ப் பானையிடம் அல்ல.

சங்கமும் குற்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தோழரிடம் 22 ஆண்டு சந்தாக் கணக்குக் கேட்டோம். ஒரு நாளாவது "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்டோமா? கேட்கவில்லை. இதை எழுதும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

நாம் கோருவது

1. 30 வயதைக் கடந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆலை வாசலிலேயே, வேலை நேரத்திலேயே, கூலி வெட்டு இல்லாமல் கொதிப்பும் சர்க்கரையும் அளக்க வேண்டும்.

2. மாத்திரையை ஒரே தடவையில் இரண்டு மாதத்துக்குக் கொடுக்க வேண்டும். "ஸ்டாக் இல்லை" என்ற பலகை ஒழிய வேண்டும். மருந்து வாங்க வரும் நேரத்துக்குக் கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

3. ஆலைத் தொழிலாளிக்கு 1948-ல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் வழியாக ஒரு மருந்தகமாவது கிடைத்தது. வயலில் உழைப்பவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. நடவு நடக்கும் ஊருக்கே நர்சும் கருவியும் மாத்திரையும் வர வேண்டும். கொண்டுவரும் பெண்களுக்கு ஊக்கத்தொகை அல்ல, சம்பளம் வேண்டும்.

4. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதை நிறுத்த வேண்டும். கொதிப்பு உள்ளவரைத் தொடர்ந்து இரவு ஷிப்டில் போடக் கூடாது.

5. மறதி நோயாளியைப் பராமரிக்க வேலையை இழந்த மகளுக்கும் மருமகளுக்கும் மனைவிக்கும் சர்க்கார் உதவித்தொகை வேண்டும். பராமரிப்பும் உழைப்பே!

சர்க்காரும் நிர்வாகமும் கொடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்க ஆபீஸிலும் ஒரு கொதிப்புக் கருவி வாங்கி வைப்போம். சந்தா ரசீதில் பெயருக்கு எதிரே அந்த இரண்டு எண்களையும் எழுதுவோம். எண் ஏறியவரை மருந்தகத்துக்கு அழைத்துப் போக ஒரு தோழரைப் பொறுப்பாக்குவோம். கிளைக் கூட்டத்தில் முதல் கேள்வி, "மாத்திரை சாப்பிட்டீர்களா தோழர்களே?" என்பதாக இருக்கட்டும்.

தொழிலாளி வர்க்கத்துக்கு நினைவு ஓர் ஆயுதம். போன ஒப்பந்தத்தில் என்ன சொன்னான், எந்த வாக்குறுதியை மீறினான் என்பதை நாம் மறந்தால் முதலாளிக்குக் கொண்டாட்டம். அந்த நினைவை நாற்பது வயதிலேயே காக்க வேண்டும்.

போன வாரம் நம் பழைய பொருளாளர் மறுபடி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். உள்ளே அழைத்து உட்கார வைத்துச் சந்தாப் புத்தகத்தைக் கையில் கொடுத்தோம். வெகுநேரம் பக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கட்டிட்டாங்களா?" என்று கேட்டார்.

இல்லை தோழரே, நாம் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி இருக்கிறது.